கண்காணிப்பும் நம் அந்தரங்கமும்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குக் கிட்ட ஒரு சின்ன அறையில் இருந்து மனு எழுதிக் கொடுப்பது என் வேலை. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், ஓய்வூதியம் என்று வருவார்கள். எழுதி முடித்துக் கையெழுத்து வைத்த பிறகும் சிலர் எழும்ப மாட்டார்கள். வாசலை ஒருதரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி வேறொரு விஷயம் கேட்பார்கள். பதினைந்து வருடத்தில் அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை. நான் சட்டத்தரணி இல்லை. உங்கள் பெயரில் விசாரணை ஏதும் நடந்தால் முதலில் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். இதைப் பிறகு வாசிக்கலாம்.

ஒளிக்க ஒன்றுமில்லாதவனுக்கு என்ன பயம்?

அதிகம் பேர் கேட்பது இதுதான். பாதிப் பேர் பதிலையும் கையோடு கொண்டுவருவார்கள்: "நான் ஒரு பிழையும் செய்யவில்லை, பார்த்துவிட்டுப் போகட்டும்."

இரண்டு வருடத்துக்கு முன் ஓர் அம்மா வந்தார். மகளுக்குக் கல்யாணம் பேசி, நாள் பார்க்கிற அளவுக்கு வந்திருந்தது. ஒரு பின்னேரம் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்து எதிர்வீட்டில் விசாரித்திருக்கிறார்கள். அந்த வீட்டில் எத்தனை பேர், மூத்த மகன் எந்த நாட்டில், காசு அனுப்புகிறானா, யார் யார் வந்து போகிறார்கள். எங்கிருந்து வருகிறோம் என்று அவர்கள் சொல்லவில்லை. நடந்தது அவ்வளவுதான். யாரையும் பிடிக்கவில்லை, மிரட்டவில்லை. ஆனால் எதிர்வீட்டில் கேட்ட கேள்வி கடைக்குப் போய், அங்கிருந்து கிழமை முடிவதற்குள் மாப்பிள்ளை வீட்டுக்கும் போய்விட்டது. "ஏதோ பிரச்சினையான குடும்பம் போல" என்று அவர்கள் விலகிக்கொண்டார்கள். "தம்பி, எங்களில் பிழை இல்லை என்று எழுதி யாரிட்ட குடுக்கிறது?" என்று அந்த அம்மா கேட்டார். வந்தது யார் என்று தெரியாமல் யாருக்கு விலாசம் எழுதுவது? தாளை எடுத்து வைத்துவிட்டு நானும் பேசாமல் இருந்தேன்.

ஒளிக்க ஒன்றுமில்லாத குடும்பம் அது. ஆனாலும் சேதம் வந்தது, சேதத்துக்குப் பொறுப்பாளி இல்லை. 

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். வாக்காளர் பட்டியலில் ஒளிக்க என்ன இருக்கிறது? பெயர், விலாசம், அவ்வளவுதான். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடித் தேடி எரித்தவர்களின் கையில் அந்தப் பட்டியல்தான் இருந்தது. வாக்குப் போடுவதற்காகக் கொடுத்த விவரம் அது. ஒரு காரியத்துக்கு வாங்கிய விவரத்தை அந்தக் காரியத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று இன்றைய தரவுச் சட்டங்கள் சொல்கின்றன. நம் ஆட்கள் அதைச் சட்டப் புத்தகத்தில் படிக்க முன்னமே உயிரைக் கொடுத்துப் படித்துவிட்டார்கள்.

போர்க்காலத்தில் இராணுவச் சுற்றிவளைப்பில் வரிசையில் நின்ற வயதுக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆளைக் காட்டிக்கொடுக்கிற தலையாட்டி முகத்தைச் சாக்கால் மூடியபடி முன்னால் வந்து நிற்பார். அவர் தலை அசைந்தால் அசைந்ததுதான். ஏன் அசைந்தது என்று கேட்க ஆளில்லை. இன்று அந்த இடத்தில் ஒரு பட்டியலோ கணினியோ இருக்கலாம். யார் சொன்னது, எதை வைத்துச் சொன்னது என்று கேட்க முடியாதவரை எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

அப்போ நாட்டுக்குப் பாதுகாப்பு வேண்டாமா? ஈஸ்டர் குண்டுவெடிப்பை மறந்துவிட்டீர்களா?

மறக்கவில்லை. பாதுகாப்பு வேண்டாம் என்று எந்தப் பைத்தியக்காரனும் சொல்லமாட்டான். நம் ஊரைப் பாருங்கள். உலகத்தின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டது இந்தத் துறைமுகத்துக்காகத்தான். கடற்படைத் தளமும் சீனன்குடா விமானத்தளமும் எண்ணெய்க் குதங்களும் இங்கே இருக்கின்றன. கோணேசர் கோயிலுக்குக்கூட இராணுவம் நிற்கும் பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டித்தான் போகிறோம். இங்கே காவல் இருப்பது நியாயம்.

ஈஸ்டர் கதைக்கு வருவோம், ஏனென்றால் "இன்னும் கூடக் கண்காணித்திருந்தால் தடுத்திருக்கலாம்" என்று சொல்பவர்கள் அதைத்தான் காட்டுகிறார்கள். குண்டுகள் வெடித்தது 2019 ஏப்ரல் 21. இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது ஏப்ரல் 4. குண்டுதாரிகளுக்குத் தலைவனாக இருந்த சஹ்ரானைப் பற்றி முஸ்லிம் மக்களே அதற்கு முன்னர் அதிகாரிகளிடம் முறைப்பாடு செய்திருந்தார்கள். 2017இல் காத்தான்குடியில் நடந்த மோதலுக்குப் பிறகு அவர் தேடப்பட்டவர். ஆக, தகவல் மேசைக்கு வந்துவிட்டது. மேசையிலேயே கிடந்தது. 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள் தீர்ப்பளித்தபோது, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்றார்கள். அப்போதைய பொலிஸ் மா அதிபரும் அரச புலனாய்வுச் சேவைத் தலைவரும் ஆளுக்கு 7.5 கோடி. கடமையைச் செய்யத் தவறியதற்கான தண்டம் இது. மக்களின் போனை ஒட்டுக் கேட்க அதிகாரம் போதாமல் போனதால் 260க்கும் மேற்பட்ட உயிர்கள் போகவில்லை.

அதற்குப் பிறகு சந்தேகம் எந்தப் பக்கம் திரும்பியது? 2019 மே மாதம் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண்ணைப் பிடித்தார்கள். அவர் உடுத்திருந்த துணியில் தர்மசக்கரம் இருக்கிறதாம். அது கப்பல் சுக்கான். திருகோணமலையில் ஐந்து வயதுப் பிள்ளையிடம் காட்டியிருந்தாலும் சொல்லியிருக்கும்.

அமெரிக்காவிலும் இதே பாடம். 2013இல், அந்நாட்டு உளவு அமைப்புக்கு வேலை செய்த எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களால், கோடிக்கணக்கான மக்களின் தொலைபேசி அழைப்பு விவரங்களை அரசு மொத்தமாக வாரிச் சேர்ப்பது தெரியவந்தது. பயங்கரவாதத்தைத் தடுக்க என்றுதான் காரணம் சொன்னார்கள். அந்த அரசே நியமித்த தனியுரிமை மேற்பார்வைச் சபை 2014 ஜனவரியில் அறிக்கை தந்தது: அந்தத் திட்டத்தால் ஒரு பயங்கரவாத விசாரணையின் முடிவு மாறியதற்கு ஓர் உதாரணமும் கிடைக்கவில்லை. 2015இல் அந்த மொத்தச் சேகரிப்பைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். எல்லாரையும் பார்க்கப் போனால் பார்க்க வேண்டியவன் கூட்டத்தில் மறைந்துவிடுகிறான்.

இலங்கையில் தனியுரிமை ஓர் அடிப்படை உரிமையா?

1978 அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அது தனி உரிமையாக எழுதப்படவில்லை. 2015இல் 19ஆம் திருத்தத்தோடு வந்த தகவல் அறியும் உரிமையில், அந்த உரிமைக்கான மட்டுப்பாடுகளில் ஒன்றாகத்தான் தனியுரிமை என்ற சொல் வருகிறது. அதாவது, வாசலில் நிற்கிறது, உள்ளே கதிரை போடவில்லை.

குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 1980இல் சேர்ந்தது. அதன் 17ஆம் உறுப்புரை வீடு, குடும்பம், கடிதப் போக்குவரத்து எதிலும் அரசு எதேச்சையாகத் தலையிடக்கூடாது என்கிறது. அந்த உடன்படிக்கையை உள்நாட்டுக்குக் கொண்டுவர 2007இல் 56ஆம் இலக்கச் சட்டம் செய்தார்கள். 17ஆம் உறுப்புரை அதற்குள் வரவில்லை. அந்தச் சட்டம் நமக்குத் தெரியவந்ததே கைதுகளால்தான்.

பக்கத்து நாட்டில் 2017 ஆகஸ்ட் 24ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தனியுரிமை அடிப்படை உரிமை என்றார்கள். அவர்கள் அரசைத் தடுத்துவிடவில்லை. அரசு தலையிடலாம், ஆனால் அதற்குச் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான தேவை இருக்க வேண்டும், தலையிடும் அளவு தேவைக்கு மிஞ்சக்கூடாது என்றார்கள். பாதுகாப்பையும் அந்தரங்கத்தையும் எப்படிச் சேர்த்து வைப்பது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இந்த மூன்றையும்தான்.

என் போனை ஒட்டுக் கேட்கிறார்களா?

கிளிக் என்று சத்தம் கேட்கிறது, சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறது என்று வருவார்கள். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சட்டம் என்ன சொல்கிறது என்று சொல்லலாம். அதிகாரமில்லாமல் மற்றவரின் தொலைத்தொடர்புச் செய்தியை இடைமறிப்பது 1991ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி குற்றம். 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படியான விசாரணையில், சேவை நிறுவனத்திடமிருந்து உங்கள் விவரத்தை எடுக்கவோ தொடர்பை இடைமறிக்கவோ நீதவானின் பிடியாணை தேவை. ஆனால் அதே பிரிவில் ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறார்கள்: அவசரம், தகவல் அழிந்துவிடும், இரகசியம் காக்க வேண்டும் என்ற காரணங்களைக் காட்டிப் பிடியாணை இல்லாமலே செய்யலாம். எந்த விசாரணைதான் அவசரமும் இரகசியமும் இல்லாதது? கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு ஜன்னலைக் கழற்றி வைத்த மாதிரி இருக்கிறது. புலனாய்வுச் சேவைகளுக்கென்று பாராளுமன்றம் நிறைவேற்றிய தனிச் சட்டமும் இல்லாதபடியால், அவர்கள் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று வாசித்துப் பார்க்க ஒரு தாள்கூட நம் கையில் இல்லை.

வட்ஸ்அப்பில் அனுப்பும் செய்தியை வழியில் வைத்து வாசிக்க முடியாது. அது இரு முனைக்கும் இடையில் பூட்டித்தான் போகிறது. ஆனால் உங்கள் போனோ அடுத்தவரின் போனோ கைக்குப் போனால் எல்லாம் போனதுதான். சாதாரண அழைப்பில் பேச்சைக் கேட்கவே தேவையில்லை. யாருக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எந்தக் கோபுரத்துக்குக் கிட்ட நின்று எடுத்தீர்கள் என்ற பட்டியல் போதும். இரவு பத்து மணிக்கு வைத்தியருக்கு, பத்தேகாலுக்கு அக்காவுக்கு, காலையில் வங்கிக்கு என்று மூன்று அழைப்பைப் பார்த்தால் வீட்டில் என்ன நடந்தது என்று ஊகிக்கப் பெரிய புலனாய்வு வேண்டாம்.

வீதியில் மறித்து, போனைத் திறந்து காட்டு என்றால்?

சண்டை பிடிக்காதீர்கள். ஓடாதீர்கள். மரியாதையாக மூன்று விஷயம் கேளுங்கள்: உங்கள் பெயர் என்ன, எந்த நிலையம், எந்தச் சட்டத்தின் கீழ் கேட்கிறீர்கள். "நான் சம்மதித்துத் தரவில்லை, நீங்கள் கேட்டபடியால் தருகிறேன்" என்று வாயால் சொல்லிவிடுங்கள். போனை எடுத்துக்கொண்டு போனால் பற்றுச்சீட்டு கேளுங்கள். கணினிக் குற்றச் சட்டப்படி கைப்பற்றினால், எடுத்த பொருள், தரவு எல்லாவற்றையும் திகதி, நேரத்தோடு எழுதிய பட்டியல் தரவேண்டியது அவர்களின் கடமை. பெண்களைச் சோதிப்பதென்றால் பெண்தான் சோதிக்க வேண்டும்.

பயங்கரவாதத் தடைச் சட்டம் என்றால் கதை வேறு. 1979இல் தற்காலிக ஏற்பாடு என்று வந்த 48ஆம் இலக்கச் சட்டம் அது, 1982இல் நிரந்தரமாக்கினார்கள். பிடியாணை இல்லாமல் நுழையவும் தேடவும் கைப்பற்றவும் அதில் இடமிருக்கிறது. அதற்குப் பதிலாக 2018இலும் 2023இலும் சட்டமூலங்கள் வந்தன, இரண்டும் நிறைவேறவில்லை.

ஆளைக் கொண்டுபோய்விட்டார்கள். வீட்டுக்காரர் முதலில் என்ன செய்வது?

மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு உடனே அழையுங்கள். இலக்கம் 1996. திருகோணமலையில் அதன் பிராந்திய அலுவலகமும் இருக்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஒருவரைப் பிடித்தால் 48 மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டத்தின் தடுப்புக் கட்டளை முன்பு 18 மாதம் வரை நீளலாம். 2022 திருத்தத்தில் 12 மாதமாக்கினார்கள். 12 மாதமும் ஒரு பிள்ளை நடக்கப் பழகுகிற காலம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். விளங்காத பாஷையில் எழுதிய தாளில் கையெழுத்து வைக்க வேண்டாம். அந்தச் சட்டப்படி உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திலோ அதற்கு மேலோ உள்ளவரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சான்றாகிறது.

உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுப் போட ஒரு மாதம்தான் தவணை. அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தத் தவணையில் கணக்கில் வராது. இது தெரியாமல் தவணை போனவர்கள் அநேகம்.

வீட்டு விவரப் படிவம் கொண்டுவந்தால் நிரப்ப வேண்டுமா?

யார் கொண்டுவந்தார் என்று முதலில் பாருங்கள். கிராம சேவகர் வாக்காளர் பதிவுக்குக் கொண்டுவருவது சட்டப்படியான படிவம், அதை நிரப்பத்தான் வேண்டும். பொலிஸார் என்றால் எந்தச் சட்டம் என்று கேட்டு, நிரப்பியதன் பிரதியையோ ஒரு போன் படத்தையோ வைத்துக்கொள்ளுங்கள். இராணுவம் வீடுவீடாகப் பதிவது வேறு விஷயம். யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் அப்படிப் பதிந்ததை எதிர்த்து 2011இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பாராளுமன்ற உறுப்பினர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். பதிவை நிறுத்துவதாக அரச தரப்பு நீதிமன்றத்தில் சொன்னது. கேட்டால் நிற்கும் என்பதற்கு அது சாட்சி.

கடை, விடுதி, அலுவலகம் என்று கண்ட இடத்திலெல்லாம் கொப்பியில் அடையாள அட்டை இலக்கத்தை எழுதுகிறோம். புதிய 12 இலக்கத்தைப் பாருங்கள்: முதல் நான்கு பிறந்த வருடம், அடுத்த மூன்று அந்த வருடத்தின் எத்தனையாவது நாள். பெண் என்றால் அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். அந்தக் கொப்பி வாசலில் திறந்தபடி கிடக்கிறது. உங்களுக்குப் பின்னால் வருகிறவன் உங்கள் பெயர், வயது, ஆணா பெண்ணா, பிறந்த நாள் எல்லாம் வாசித்துவிட்டுத்தான் தன் பெயரை எழுதுகிறான்.

டிஜிட்டல் அடையாள அட்டை வருகிறதே, நல்லதா கெட்டதா?

முகம், கண், கைரேகை எல்லாம் சேர்த்த தனித்துவ அடையாளத் திட்டம் அது. இந்தியாவின் உதவியோடு நடக்கிறது. கச்சேரி வாசலில் கால்கடுக்க நிற்பது குறையும் என்றால் எனக்கு முதலில் சந்தோஷம். ஆனால் கடவுச்சொல் களவுபோனால் மாற்றலாம், கைரேகை களவுபோனால் என்ன செய்வது? 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியும் அதன் முக்கியப் பகுதிகள் நடைமுறைக்கு வருவது தள்ளித் தள்ளிப் போனது. முதலில் காவல்காரன், பிறகு பெட்டகம். அந்த ஒழுங்கு மாறக்கூடாது.

நினைவேந்தலில் எங்களைப் படம் எடுக்கிறார்கள். நாங்கள் அவர்களை எடுக்கலாமா?

பொது இடத்தில் நடப்பதைப் படம் எடுப்பது பொதுவாகக் குற்றமில்லை. ஆனால் கடற்படைத் தளம், விமானத்தளம் போன்ற தடைசெய்யப்பட்ட இடங்களை எடுக்காதீர்கள். 1955ஆம் ஆண்டின் அரச இரகசியச் சட்டம் இருக்கிறது. நம் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அப்படி ஓர் இடம் பின்னணியில் வந்துவிடும், கவனம்.

படம் எடுக்கிறவர்கள் எல்லாரும் பதிவுக்காகத்தான் எடுக்கிறார்கள் என்று நினைத்து ஆறுதல்பட எனக்கு மனம் வரவில்லை. 2024 மே மாதம் சம்பூரில் போரின் கடைசியில் இறந்தவர்களை நினைத்து முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததற்காக மூன்று பெண்களையும் ஓர் ஆணையும் இரவில் கைது செய்தார்கள். எந்தச் சட்டத்தில் தெரியுமா? மேலே சொன்ன, சர்வதேச உடன்படிக்கையை உள்நாட்டுக்குக் கொண்டுவந்த 2007ஆம் ஆண்டு 56ஆம் இலக்கச் சட்டத்தில். தேங்காய்ச் சிரட்டையில் கஞ்சி வார்ப்பதைக் கண்காணிக்கிற நாட்டில், ஏப்ரல் 4ஆம் திகதி எச்சரிக்கை மேசையில் கிடந்தது.

மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2006 ஜனவரி 2ஆம் திகதி நம் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, குண்டு வெடித்துச் செத்தார்கள் என்றுதான் முதலில் சொன்னார்கள். சுடர் ஒளி பத்திரிகைச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயம் தெரிந்தது. அந்த மாதம் 24ஆம் திகதி, காலையில் வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நின்றபோது அவரைச் சுட்டுக் கொன்றார்கள். மாணவர்கள் வழக்கில் விசேட அதிரடிப்படையினர் உள்ளிட்ட 13 சந்தேகநபர்களும் 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டார்கள். அரசு நம்மைப் பார்ப்பதற்கு நூறு கமெரா இருக்கும்போது, நாம் அரசைப் பார்த்த ஒரு கமெராவுக்கு நடந்தது இது. சமநிலை என்று யாராவது பேசினால் எனக்கு அந்த பஸ் தரிப்பிடம்தான் ஞாபகம் வரும்.

எப்படிப்பட்ட சட்டம் இருந்தால் ஒத்துக்கொள்வீர்கள்?

ஆளைப் பெயர் சொல்லிக் குறிக்க வேண்டும். காரணத்தை எழுத்தில் வைத்து ஒரு நீதவானிடம் அனுமதி வாங்க வேண்டும். அவசரமென்றால் முதலில் செய்து, அடுத்த நாளே போய்ச் சொல்லலாம். தவணை முடிந்தால் நிறுத்த வேண்டும், தேவையில்லாததை அழிக்க வேண்டும். ஜேர்மனியில் கண்காணிப்பு முடிந்து, விசாரணை கெடாது என்ற நிலை வந்ததும் அந்த ஆளுக்கு அறிவிக்கும் ஏற்பாடு சட்டத்திலேயே இருக்கிறது. அப்படி ஒன்று இருந்திருந்தால் அந்த அம்மாவின் மனுவுக்கு ஒரு விலாசம் கிடைத்திருக்கும்.

அதுவரை சாதாரண ஆள் என்ன செய்யலாம்?

தகவல் கேளுங்கள். 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்களுக்கும்தான். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழில் எழுதலாம். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானம் சொல்ல வேண்டும். உங்கள் உள்ளூராட்சி சபை எத்தனை கமெரா பூட்டியது, பதிவுகளை எத்தனை நாள் வைத்திருக்கிறது, யார் பார்க்கலாம் என்று கேட்கலாம். தேசியப் பாதுகாப்பு என்று மறுத்தால் அதோடு விட்டுவிடாதீர்கள்: பொது நலன் பெரிதென்றால் மறுத்ததையும் கொடுக்க வேண்டும் என்று, மறுக்க இடம் தரும் அதே 5ஆம் பிரிவில் இருக்கிறது. மேன்முறையீடு செய்து, அதற்கும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

அப்புறம், வீட்டில் ஒரு கொப்பி வையுங்கள். யாராவது விசாரித்து வந்தால் திகதி, நேரம், வந்தவர் எத்தனை பேர், என்ன கேட்டார்கள், வாகன இலக்கம் எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதுங்கள். எதிர்வீட்டில் விசாரித்தால் எதிர்வீட்டுக்காரர் எழுதட்டும். கடைக்குக் கொண்டுபோகாமல் முதலில் உங்களிடம் வந்து சொல்லட்டும். கடைசியாக வந்த ஒரு ஐயா அப்படி எழுதிய கொப்பியோடு வந்தார். மூன்று மாதத்தில் நான்கு தடவை, நான்கிலும் அதே மோட்டார் சைக்கிள் இலக்கம். அன்றைக்கு எனக்கு மனு எழுத இருபது நிமிஷம்தான் எடுத்தது.